ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு வேலை கொடுக்கும் முன்: சென்னைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான். சேலையூரில் இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் பாக்கெட் போடும் ஒரு சிறு வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோகோ வேண்டும், ஒரு கிலோ பாக்கெட்டுக்கு டிசைன் வேண்டும், கடை வாசலுக்குப் பெயர்ப்பலகை வேண்டும், இன்ஸ்டாகிராமில் போடப் பத்துப் படங்கள் வேண்டும். டிசைனர் கூலி பற்றிக் கீழே வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். சந்தை விலைப்பட்டியல் அல்ல. வரி, சட்டம் பற்றிய எண்கள் நடப்பில் உள்ளவை.

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை இருக்கிறதே, தனியாக டிசைனர் எதற்கு?

பில் புக், நோட்டீஸ், சாதாரண விசிட்டிங் கார்டு இவற்றுக்கு டிடிபி கடையே போதும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக் கொடுப்பார்கள். தமிழ் தட்டச்சு வேகத்தில் அவர்களை எந்த டிசைனரும் முந்த முடியாது. ஆனால் லோகோ கேட்டால், கணினியில் ஏற்கெனவே கிடக்கும் கோரல்டிரா ஃபைல்களில் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றித் தருவதுதான் பெரும்பாலும் நடக்கும். அதே குத்துவிளக்கு, அதே வாழையிலை வேறு நாலு கடையிலும் தொங்கும். பல வருடம் உங்கள் பெயரைத் தாங்கப்போகிற பொருள் என்றால் டிசைனர். இந்த வாரம் ஒட்டி அடுத்த வாரம் கிழியப்போவது என்றால் டிடிபி.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு “டிசைன் ஃப்ரீ” என்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கூலி அட்டை விலைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

நல்ல டிசைனரை எங்கே தேடுவது?

டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளம், இன்ஸ்டாகிராம் எல்லோருக்கும் தெரிந்த வழி. 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி, லயோலாவின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை போன்ற இடங்களில் படித்து வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் தனியாக வேலை எடுக்கிறார்கள். கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சிக்குப் போனால் வேலையை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் பலரும் யோசிக்காத வழி ஒன்று உண்டு: நீங்கள் அச்சடிக்கும் பிரஸ்காரரைக் கேளுங்கள். யார் ஃபைல் அனுப்பினால் திருத்தாமல் நேராகப் பிளேட் போடலாம், யார் ஃபைலைத் திறந்தாலே தலைவலி என்பது அவருக்குத்தான் தெரியும்.

போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பில், எதைக் கவனிக்க வேண்டும்?

அழகை யாரும் பார்த்துவிடுவார்கள். நீங்கள் மூன்றைப் பாருங்கள்.

முதலில், அச்சாகிக் கடைக்கு வந்த பொருள் ஏதாவது இருக்கிறதா? திரையில் மின்னும் பாக்கெட் படம் மாக்கப் எனும் ரெடிமேட் மாதிரிப் படத்தில் ஒட்டியதாக இருக்கலாம். உண்மையான கவரைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டாவது, அதில் இவர் செய்தது எது? ஏஜென்சியில் ஐந்து பேர் சேர்ந்து செய்ததை ஐந்து பேரும் போர்ட்ஃபோலியோவில் வைத்திருப்பார்கள். அது தப்பில்லை, கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தமிழ். ஆங்கிலத்தில் பிரமாதமாகச் செய்பவர் தமிழில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அடோபி மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு-ரெடி அமைப்பை இயக்காமல் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். “கொ” என்பது க, ெ, ா என்று சிதறிக் கிடக்கும். இதைத் தவிர்க்கப் பலர் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடிக்கிறார்கள். அச்சுக்கு அது ஓடும், ஆனால் அதே வரியைக் காப்பி செய்து வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஆங்கிலத்தில் செய்வதுபோல எழுத்துக்கிடையே இடைவெளியை இழுத்தால் தமிழ்ச் சொல் துண்டு துண்டாகிவிடும். வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வந்து நிற்பது இன்னொன்று: “மாவரை” ஒரு வரியிலும் “க்கும்” அடுத்த வரியிலும் கிடந்தால் அந்த டிசைனர் தமிழைப் படமாகப் பார்க்கிறார், படிக்கவில்லை என்று அர்த்தம்.

“ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா வேலை தர்றோம்” என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். லோகோவில் கஷ்டமான பகுதியே முதல் யோசனைதான். அதை இலவசமாகக் கேட்பது, “சாப்பிட்டுப் பார்த்துட்டுப் பிடிச்சா காசு” என்று ஓட்டலில் சொல்வதுபோல. நல்லவர்கள் மறுத்துவிடுவார்கள், வேலையில்லாதவர்கள் மட்டும் வருவார்கள், அதனால் தேர்வும் கெடும். பார்த்துத்தான் தர வேண்டும் என்றால் சின்ன வேலை ஒன்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பத்து இன்ஸ்டாகிராம் படங்களில் ஒன்றை முதலில் கொடுத்தால், சொன்ன நாளில் வருகிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, திருத்தம் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று மூன்றும் தெரிந்துவிடும்.

வேலை சொல்லும்போது என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

போனில் அரைமணி நேரம் பேசினால் போதாது. ஒரு பக்கம் எழுதுங்கள். மாவு வியாபாரிக்கு அது இப்படி இருக்கலாம்:

“பொருள்: இட்லி, தோசை மாவு. 1 கிலோ பாக்கெட். வாங்குபவர்: தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் அடுக்குமாடிக் குடும்பங்கள். கடையில் ஃபிரிட்ஜுக்குள் வேறு மூன்று பிராண்டு பக்கத்தில் இருக்கும். கவர்: வெள்ளை பாலித்தீன், ரோல் முறையில் அச்சு, அதிகபட்சம் 4 நிறம். மொழி: பெயர் தமிழில் பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக. பச்சை வேண்டாம், பக்கத்து பிராண்டு பச்சை. முடிவெடுப்பது: நான் மட்டும். தேதி: பொங்கலுக்கு 6 வாரம் முன்பு அச்சுக்குப் போக வேண்டும்.”

இதில் விலைமதிப்புள்ள வரி “முடிவெடுப்பது: நான் மட்டும்” என்பதுதான். கடைசி நாளில் மச்சானும் பார்ட்னரும் வந்து கருத்துச் சொல்லும் வேலைகள் எதுவும் பேசிய விலையில் முடிவதில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாளே நாலு பேரையும் உட்கார வையுங்கள்.

நியாயமான கூலி எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கணக்கு ஒன்றுதான். டிசைனருக்கு மாதம் கையில் 50,000 ரூபாய் நிற்க வேண்டும் என்று வைப்போம். மென்பொருள் சந்தா, எழுத்துரு, ஸ்டாக் படம் 4,500. இன்டர்நெட் 1,000. 90,000 ரூபாய்க் கணினியை மூன்று வருடத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 2,500. மருத்துவக் காப்பீடு 2,000. மொத்தம் 60,000.

மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். அதில் பாதி கொட்டேஷன் போடுவதிலும், பார்ட்டியைப் பார்க்கப் போவதிலும், பிரஸ்ஸில் நிற்பதிலும், வராத பணத்துக்குப் போன் போடுவதிலும் போய்விடும். காசாகும் நேரம் சுமார் 100 மணி. ஆக, மணிக்கு 600 ரூபாய்.

இப்போது மாவு வியாபாரியின் வேலை. லோகோவுக்கு 24 மணி: பேச்சும் தேடலும் 4, பென்சில் கிறுக்கல் 6, மூன்று வடிவங்கள் 6, திருத்தம் 4, கடைசிக் கோப்புகள் 4. பாக்கெட்டுக்கு 20, பெயர்ப்பலகைக்கு 4, பத்துப் படங்களுக்கு 12. மொத்தம் 60 மணி, 36,000 ரூபாய்.

அனுபவசாலி இதையே 35 மணி நேரத்தில் முடித்து, மணிக்கு 1,000 கேட்டால் 35,000. அவர் “காஸ்ட்லி” இல்லை. மணிக்கூலியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இந்த இடத்தில்தான் ஏமாறுவீர்கள். கொட்டேஷன் வாங்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், எந்தப் பகுதிக்கு எத்தனை மணி என்று பிரித்துக் கேளுங்கள். பேரம் பேசுவதானால் வேலையைக் குறைத்துப் பேசுங்கள். “பத்துப் படத்துக்குப் பதில் ஆறு போதும்” என்பது நியாயமான பேரம். “அதே பத்தை பாதி விலைக்கு” என்றால் அவர் எங்கேயாவது கைவைத்துத்தான் ஆக வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாத அச்சுக்கோப்பில்தான் இருக்கும்.

500 ரூபாய்க்கு லோகோ செய்து தருகிறேன் என்கிறார்களே?

அந்த விலையில் கிடைப்பது ரெடிமேட் டெம்ப்ளேட். டிசைன் செய்யும் தளமான கான்வாவில் உள்ள ஸ்டாக் படங்களைச் சேர்த்துச் செய்த லோகோவை டிரேட்மார்க் செய்ய அதன் உரிம விதிகளே இடம் கொடுப்பதில்லை. ஸ்டாக் படத் தளங்கள் பெரும்பாலானவற்றிலும் லோகோவுக்குப் பயன்படுத்தத் தடை உண்டு. வியாபாரம் வளர்ந்து பதிவு செய்யப் போகும்போதுதான் இது தெரியவரும், அதற்குள் லட்சம் கவர் அச்சாகியிருக்கும்.

ஏஐ வைத்துச் செய்து தந்தால்?

யோசனைக்குப் பயன்படுத்தினால் பரவாயில்லை, சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஏஐ தருவது பெரும்பாலும் புள்ளிப்படம். பலகை அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரம் பிசிறடிக்கும். தமிழ் எழுத்தையும் அடிக்கடி இல்லாத வடிவத்தில் வரையும். கோட்டு வடிவில், அதாவது வெக்டராக, கையால் மீண்டும் வரைந்த கோப்புதான் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்.

மணிக்கணக்கா, வேலைக்கணக்கா, மாதச் சம்பளம் மாதிரியா?

எல்லை தெரிந்த வேலைக்கு, அதாவது லோகோ, பாக்கெட் போன்றவற்றுக்கு, மொத்தத் தொகை. எங்கே போய் முடியும் என்று தெரியாத வேலைக்கு மணிக்கணக்கு, ஆனால் உச்சவரம்போடு: “20 மணியைத் தொட்டால் கேட்டுவிட்டுத் தொடரவும்.” வாரா வாரம் இன்ஸ்டாகிராம் படம் தேவை என்றால் மாதக்கணக்கு, மாதம் எத்தனை படம், பயன்படுத்தாதது அடுத்த மாதத்துக்கு நகருமா என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு?

பாதி. 36,000 ரூபாய் வேலைக்கு 18,000 கொடுத்தபின்தான் அவர் பென்சிலை எடுக்க வேண்டும். வடிவம் ஒப்புக்கொண்டதும் 30 சதவீதம், 10,800. மீதி 7,200-ஐக் கொடுத்ததும் இறுதிக் கோப்புகள். அதற்கு முன் அவர் அனுப்புவது வாட்டர்மார்க் போட்ட படமாகத்தான் இருக்கும், கோபப்படாதீர்கள். அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லும் புது டிசைனரிடமும் கொடுத்துவிடுங்கள். பணம் கைமாறிய வேலைதான் வரிசையில் முன்னால் நிற்கும்.

எத்தனை கரெக்‌ஷன் கேட்கலாம்?

சென்னையில் டிசைனருக்கும் பார்ட்டிக்கும் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. “சின்ன கரெக்‌ஷன்தான் ப்ரோ” என்று இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை எந்த ஒப்பந்தமும் முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் எண்ணிக்கை வைத்தால் குறையும்.

வழக்கம்: விலைக்குள் இரண்டு சுற்று. சுற்று என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும். எல்லாத் திருத்தங்களையும் ஒரே பட்டியலாக, எழுத்தில் அனுப்பினால் அது ஒரு சுற்று. காலையில் “சிவப்பு கொஞ்சம் அடர்த்தியா”, மதியம் “ஃபோன் நம்பர் மாத்துங்க”, இரவு “பழைய சிவப்பே நல்லாயிருந்தது” என்று பிரித்து அனுப்பினால் அது மூன்று சுற்று. மூன்றாவதுக்குக் காசு கேட்பது நியாயம்.

அதேபோல, திருத்தம் வேறு, புதுவேலை வேறு. எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது, இடைவெளியை மாற்றுவது திருத்தம். ஒப்புக்கொண்ட வடிவத்தைத் தூக்கிப்போட்டு “ஆட்டுக்கல் வேண்டாம், பாட்டி படம் போடுங்க” என்றால் புதுவேலை, அதற்குத் தனி விலை. டிசைனர் செய்த எழுத்துப்பிழை எத்தனை முறை வந்தாலும் கணக்கில் சேராது. ஆனால் நீங்கள் அனுப்பிய வரியிலேயே பிழை இருந்து, பார்த்து “ஓகே” சொல்லியும் விட்டீர்கள் என்றால், அது உங்கள் பிழை. ஆகவே ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் மாதிரியை, வாய்விட்டுப் படியுங்கள். போன் நம்பரைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், அதில் இருப்பதை அடித்து அழைத்துப் பாருங்கள்.

ஓப்பன் ஃபைல் கேட்டால் ஏன் தயங்குகிறார்கள்?

இறுதிக் கோப்பு வேறு, வேலைசெய்யும் மூலக்கோப்பு, அதாவது ஓப்பன் ஃபைல், வேறு. பின்னதைக் கொடுத்தால் அடுத்த திருத்தம் தம்மிடம் வராது என்பது அவர்கள் கணக்கு. லோகோவுக்கு மூலக்கோப்பு கட்டாயம் உங்களிடம் இருக்க வேண்டும், பேசிய விலைக்குள்ளேயே. பாக்கெட், இன்ஸ்டாகிராம் படங்கள் போன்றவற்றின் அடுக்குகள் பிரிந்த கோப்புக்குத் தனித்தொகை கேட்கலாம். முதலிலேயே கொட்டேஷனில் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

லோகோ வேலை முடிந்ததும் கைக்கு வர வேண்டியவை: இல்லஸ்ட்ரேட்டர் அல்லது கோரல் மூலக்கோப்பு, எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றை நிறக் கறுப்பு வடிவம், அடர்நிறத்தின் மேல் வைக்க வெள்ளை வடிவம், நிறங்களின் சிஎம்ஒய்கே (அச்சு மை) மற்றும் திரைக் குறியீட்டு எண்கள், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரும் உரிமமும். எழுத்துருக் கோப்பை அப்படியே அனுப்பச் சொல்லாதீர்கள், காசு கொடுத்து வாங்கியது என்றால் அதைக் கைமாற்ற அவருக்கு உரிமை இருக்காது. முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

காசு கொடுத்துவிட்டேன். லோகோ எனக்குத்தானே சொந்தம்?

தானாக வராது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலை நேரத்தில் வரைந்தால் உரிமை உங்களுக்கு. வெளியாள் வரைந்த லோகோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரைந்தவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்ற எழுத்தில், அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் “எல்லாம் உங்களுதுதான் சார்” என்பதை நம்பி இருக்காதீர்கள்.

அந்தத் தாளில் எதையாவது விட்டால் சட்டம் தானே நிரப்பிக்கொள்ளும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் விட்டால், வேறு விதமாக எழுதப்படாத பட்சத்தில், அது காலாவதியாகும். ஆகவே எந்த லோகோ (படத்தை ஒட்டுங்கள்), என்னென்ன உரிமைகள், எவ்வளவு தொகைக்கு, பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டு விதி பொருந்தாது என்று எழுதிக்கொள்ளுங்கள். முழுத்தொகை வந்த பிறகே உரிமை மாறும் என்று டிசைனர் ஒரு வரி சேர்ப்பார், அது நியாயம்தான்.

பெயரையும் லோகோவையும் டிரேட்மார்க் பதிவு செய்வது தனி வேலை. சென்னையில் அதற்கான அலுவலகம் கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் பொருள், சேவை வகை ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவகத்தின் தேடல் பக்கத்தில் அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லோகோவை இரண்டுமுறை வரையவேண்டி வராது.

பாக்கெட்டில் சட்டப்படி போட வேண்டியவற்றுக்கு யார் பொறுப்பு?

நீங்கள். டிசைனர் அடுக்கித் தருவார், விவரம் உங்களிடமிருந்து வர வேண்டும். பொருளின் பெயர், சேர்மானம், சத்து விவரம், நிகர எடை, வரிகள் உட்பட்ட விற்பனை விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், முகவரி, புகார் எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். இவை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் என்றால் செல்லாது. பச்சைச் சைவக் குறிக்கும் அளவு உண்டு: முகப்புப் பரப்பு 100 முதல் 500 சதுர செ.மீ. வரை என்றால் வட்டத்தின் விட்டம் 4 மி.மீ.-க்குக் குறையக் கூடாது.

பார்கோடு போடுவதானால் அதைச் சிவப்பில் போடச் சொல்லாதீர்கள். ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும், கடையில் பில் போடும் பையன் எண்ணைக் கையால் அடிப்பான். இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும், வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது.

ரோல் முறைக் கவரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், சிலிண்டருக்குத் தனிக் காசு. ஐந்தாவது நிறம் ஒன்றை டிசைனர் ஆசைக்குச் சேர்த்தால் செலவு உங்களுக்கு. கவர் ஒட்டும் ஓரங்களில் எழுத்து வரவே கூடாது. சீல் பகுதியின் அளவைக் கவர்காரரிடமே கேட்டு வாங்கி, டிசைன் தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள்.

அச்சில் நிறம் மாறிப்போச்சு, யார் நஷ்டம் ஏற்பது?

மூன்று பேரில் ஒருவர். யார் என்பதைக் கோப்பே சொல்லும். டிசைனர் ஆர்ஜிபி எனும் திரை நிற முறையில் அனுப்பியிருந்தால் அவர் பிழை. போனின் திரையில் தெரியும் பளீர் ஆரஞ்சும் நீலமும் மையில் கிடையாது, அச்சில் மங்கும். படங்கள் 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைவு, வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (நீட்டிவிட்ட பின்னணி) இல்லை, சிறு எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் போடாமல் நான்கு மையும் கலந்த கறுப்பில் போட்டதால் எழுத்து நிழலாடுகிறது, எழுத்தை வடிவமாக மாற்றாததால் பிரஸ் கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துவிட்டது: இவை எல்லாம் அவர் பக்கம். கோப்பு சரியாக இருந்து, ஒப்புக்கொண்ட ப்ரூஃபிலிருந்து அச்சு விலகினால் பிரஸ் பக்கம். ப்ரூஃபே பார்க்காமல் “ஓட்டுங்க” என்று சொன்னீர்கள் என்றால், உங்கள் பக்கம். கவர் போன்ற பெரிய செலவுக்கு டிசைனரையே அச்சு ஓடும் நாளில் நிற்கச் சொல்லி அரைநாள் கூலி கொடுங்கள். நாங்கள் பரிந்துரைக்கும் செலவுகளில் இதற்குத்தான் முதல் இடம்.

கடைப் பலகையில் தமிழ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதம். பலகையின் நீள அகலத்தை அங்குலத்தில் அளந்து, ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். மின்கம்பியும் ஏசி வெளிப்பெட்டியும் எங்கே வருகின்றன என்று அதில்தான் தெரியும்.

ஜிஎஸ்டி கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா?

அவர் பதிவு செய்தவரானால் 18 சதவீதம் உண்டு: 36,000-க்கு 6,480 சேர்த்து 42,480. தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயர் வரும். சேவை வியாபாரத்தில் வருடம் 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது.

டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடிப்பது. அதைப் பிடிக்கும் கடமை எல்லோருக்கும் இல்லை. தனிநபர் வியாபாரி என்றால், முந்தைய வருட விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான். கம்பெனிக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் அந்த வரம்பு கிடையாது. 194ஜே என்று பழகிய தொழில்முறைக் கட்டணப் பிரிவில் ஒருவருக்கு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது. அந்த 10 சதவீதம் 50,000-ஐத் தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத்தொகைக்கும். முதலில் 36,000, பிறகு அதே வருடத்தில் 20,000 கொடுத்தால், 56,000-க்கு 5,600 பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் பிடிக்கக் கூடாது. பான் கொடுக்காதவரிடம் 20 சதவீதம். சில வேலைகளை ஒப்பந்தக்காரர் பிரிவில் 1 சதவீதத்துக்குக் கொண்டுபோகும் ஆடிட்டர்களும் உண்டு, உங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்ததைக் கட்டுங்கள், படிவம் 16ஏ-வுக்கு நிகரான சான்றையும் கொடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது டிசைனரின் பாக்கெட்டிலிருந்து எடுப்பதேதான்.

எத்தனை நாளைக்குள் பணம் தர வேண்டும்?

அவரிடம் உத்யம் எனும் சிறுதொழில் அரசுப் பதிவு இருந்தால் சட்டமே சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. வரிக் கணக்கிலும் அடி உண்டு: குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம்வரை செலவாகக் காட்ட முடியாது. உத்யம் பதிவு இலவசம், டிசைனர்கள் எல்லோரும் செய்துகொள்ள வேண்டும். வராத பணத்துக்கு அரசின் இணையத் தளத்தில் மனு போட அதுதான் வழி.

பாதியில் வேண்டாம் என்று நிறுத்தினால்?

முடிந்த கட்டம்வரை உள்ள தொகை அவருக்கு. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள். செய்த வடிவங்களை நீங்களும் பயன்படுத்தக் கூடாது. நிறுத்திய பிறகு அதே லோகோவை டிடிபி கடையில் திரும்ப வரையச் சொன்னால் அது பதிப்புரிமை மீறல்.

டிசைனர் போன் எடுக்கவில்லை. என்ன செய்ய?

கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்திருந்தால் நஷ்டம் ஒரு கட்டத்தோடு நிற்கும். ஏழு நாள் கெடு வைத்து மின்னஞ்சலில் எழுதுங்கள், பதில் இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று. இதற்காகவே ஒவ்வொரு கட்டப் பணத்துக்கும் அந்தக் கட்டத்தின் கோப்பு உங்கள் கூகுள் டிரைவுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசுங்கள்.

சொந்தக்காரப் பையன் செய்கிறேன் என்கிறான்.

அவனுக்கும் பில் போடச் சொல்லிப் பணம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கரெக்‌ஷன் சொல்ல வாய் வராது, அடுத்த கல்யாண வீட்டில் முகம் பார்க்கவும் முடியாது.

முடிந்த வேலையை அவர் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா?

போடட்டும். பாக்கெட் கடைக்கு வரும் நாள்வரை பொறுக்கச் சொல்லி, அந்தத் தேதியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பனை விலை, கொள்முதல் விவரம் போன்றவை எந்தப் படத்திலும் தெரியக் கூடாது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.